சவுக்குக் கன்றுக்கு நாற்றங்காலிலேயே வேர்ப் பூசணம்

காரைக்கால் கடலோர மணல் நிலங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடப்படும் சவுக்குக் கன்றுகளுக்கு முதல் கோடைதான் கண்டம். பங்குனி வெயிலில் கன்று பட்டுப்போனால் அந்த இடத்தில் மறுபடியும் கன்று வைக்க வேண்டும். கன்று விலையும் ஆள் கூலியும் இரண்டாம் முறை செலவாகும். சிறு விவசாயிக்கு இது பெரும் பாரம்.

பார்வைக்குப் பசுமையாக இருந்த கன்றும் பட்டுப்போவது உண்டு. இதற்கு ஒரு காரணம் வேரில் இருக்கிறது. மணலில் மணிச்சத்து குறைவு, ஈரமும் தங்காது. இப்படிப்பட்ட மண்ணில் சவுக்கு இரண்டு நுண்ணுயிர்களின் துணையோடுதான் செழிக்கிறது.

ஒன்று, வேர் உட்பூசணம். இது வேருக்குள் புகுந்து வாழ்ந்து, மெல்லிய இழைகளை மண்ணில் பரப்புகிறது. வேர் எட்டாத இடத்திலுள்ள மணிச்சத்தையும் நீரையும் அந்த இழைகள் கொண்டுவருகின்றன. பதிலுக்கு மரம் பூசணத்துக்குச் சர்க்கரை தருகிறது. மற்றொன்று, பிராங்கியா. இது வேரில் முடிச்சுகளை உண்டாக்கிக் காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்குச் சேர்க்கிறது. வேரும் பூசணமும் சேர்ந்த இந்த உறவுக்கு 1885-ல் பெயர் சூட்டியவர் பிராங்க் என்ற ஜெர்மானிய அறிஞர். பிராங்கியா என்ற பெயரும் அவர் நினைவாக வந்ததே.

துணை இல்லாவிட்டால் மரம் என்னவாகும் என்பதைப் போர்ட்டோ ரிக்கோ தீவில் கண்டார்கள். அங்கு நட்ட பைன் கன்றுகள் பல ஆண்டுகள் தேறவில்லை. 1950-களில் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே அவை வளர்ந்தன. பைனுக்கு வேண்டிய பூசணம் வேறு வகை; பாடம் ஒன்றுதான்.

புதுக் கன்றுகளில் குறை ஏன்?

முன்பு நாற்றங்காலுக்குப் பழைய தோப்பு மண்ணைக் கொண்டுவந்து கலப்பார்கள். அதனுடன் பூசணமும் பிராங்கியாவும் தாமாகவே வந்தன. இப்போது குச்சிக் கன்றுகளைத் தென்னை நார்க்கழிவு போன்ற சுத்தமான கலவையில் வளர்க்கிறார்கள். அதில் நோய்க் கிருமி குறைவு. நல்ல பூசணமும் இராது. அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

அதற்காகக் கண்ட தோப்பு மண்ணையும் அள்ளி வரக் கூடாது. பட்டை கொப்பளித்து, உள்ளே கருந்தூள் தெரியும் மரங்கள் உள்ள தோப்பில் வாடல் நோய் இருக்கும். அந்த மண்ணால் நோயும் நாற்றங்காலுக்கு வந்துவிடும்.

எவ்வளவு, எப்போது?

மக்காச்சோளம் போன்ற பயிரின் வேரில் பெருக்கிய உட்பூசணம், வேர்த் துண்டுகள் கலந்த தூளாகக் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டர் தாய்ப்பாத்திக்கு 100 கிராம் போதும். விதைக்கும்போது 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இட்டு மண்ணால் மூட வேண்டும். பாலிதீன் பையில் இடுவதானால் பைக்கு 5 முதல் 10 கிராம் தேவை. நடவுக் குழியில் என்றால் கன்றுக்கு 20 கிராம் வேண்டும்.

ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 4,000 கன்றுகள் பிடிக்கும். குழியில் இட 80 கிலோ தூள் ஆகும். பையில் இட 20 முதல் 40 கிலோ ஆகும். 10 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தாய்ப்பாத்திக்கு ஒரு கிலோவே போதும். தாமதிக்கத் தாமதிக்கச் செலவு ஏறுகிறது. குச்சிக் கன்றுக்குத் தாய்ப்பாத்தி இல்லை. ஆகவே அதற்குப் பையிலேயே இட்டுவிட வேண்டும்.

பிராங்கியாவுக்கு, நோயற்ற செழித்த மரத்தின் வேர் முடிச்சுகளைப் பறித்துக் கழுவி அரைத்து, நீரில் கரைத்து வடிகட்டி, அன்றே பைகளில் ஊற்றலாம்.

கவனிக்க வேண்டியவை

பூசணத் தூளை நிழலில் வைக்க வேண்டும். பூசணம் இட்ட பாத்தியில் பூசணக்கொல்லி மருந்து ஊற்றக் கூடாது. சூப்பர் பாஸ்பேட்டை அதிகம் இட்டால் பூசணம் வேரில் சரியாகப் பிடிக்காது. பாத்தியில் நீர் தேங்கவும் விடக் கூடாது.

கன்று வாங்குபவர்கள் ஒன்றிரண்டு பைகளைக் கிழித்து வேரைப் பார்க்கலாம். முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியும். உட்பூசணம் தெரியாது, அதை இட்டார்களா என்று நாற்றங்கால்காரரிடம் கேட்டே அறிய வேண்டும்.

பூசணம் இட்டுவிட்டதால் தண்ணீர் ஊற்றாமல் இருந்துவிட முடியாது. முதல் கோடையில் உயிர்த்தண்ணீர் அவசியம். ஊற்றும் தண்ணீரை வீணாக்காமல் கன்று எடுத்துக்கொள்ளப் பூசணம் உதவும்.

காரைக்கால் விவசாயிகள் செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியிலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ பூசணம் கிடைக்குமிடத்தைக் கேட்டறியலாம். தாய்ப்பாத்தி போடும் முன்பே கேட்பது நல்லது.