பிமா மக்களும் ஆப்பிரிக்க மரபினரும்: சமூக, பொருளாதார நிலை ஒப்பீடு

பிமா என்போர் வட அமெரிக்காவின் தென்மேற்கில், இன்றைய அரிசோனா மாநிலத்தின் ஹீலா, சால்ட் ஆகிய ஆறுகளின் கரைகளில் வாழ்ந்துவரும் தொல்குடி மக்கள் ஆவர். இவர்கள் தங்களை அக்கிமெல் ஓ'ஓதம் என்று அழைத்துக்கொள்கின்றனர். 'ஆற்று மக்கள்' என்பது அதன் பொருள். ஸ்பானியர் கேட்ட கேள்விகளுக்கு இவர்கள் 'தெரியாது' என்று தம் மொழியில் விடை சொன்னதாகவும், அந்தச் சொல்லே 'பிமா' என்று இனப்பெயராகிவிட்டதாகவும் கூறுவர். எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சியரா மாட்ரே மலைப்பகுதியிலும் இவர்களுடைய உறவினரான பிமா மக்கள் வாழ்கின்றனர்.

மருத்துவ நூல்களில் பிமா மக்களின் பெயர் நீரிழிவோடு சேர்த்தும், ஆப்பிரிக்க அமெரிக்கரின் பெயர் உயர் இரத்த அழுத்தத்தோடு சேர்த்தும் பேசப்படுகிறது. நோய்க்குக் காரணம் அவர்களுடைய பிறப்பிலேயே உள்ளது என்ற விளக்கமும் இரு சமூகங்களுக்கும் தரப்பட்டது. இவர்களுடைய நிலத்துக்கும் நீருக்கும் உழைப்புக்கும் என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்காமல் அந்த விளக்கத்தின் பொருத்தத்தை மதிப்பிட இயலாது.

ஒப்பீட்டின் எல்லை

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்ட ஒரு கண்டத்தின் மக்களை, சில பத்தாயிரம் பேரே உள்ள ஒரு பழங்குடியுடன் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது. கென்யாவின் மேய்ச்சல் குடியும் லாகோஸ் நகரத்து வணிகரும் 'ஆப்பிரிக்கர்' என்ற ஒரே சொல்லில் அடங்குவர், ஆனால் அவர்களுடைய வாழ்நிலை ஒன்றல்ல. ஆகவே இக்கட்டுரை மேற்கு ஆப்பிரிக்க மக்களையும், அடிமை வணிகத்தின் வழியாகக் கரீபியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பிமா மக்கள் அரிசோனா, மெக்சிகோ என இரு நாடுகளில் வாழ்வது போலவே இவர்களும் பல நாடுகளில் வாழ்கின்றனர். ஒரே மரபினர் வெவ்வேறு சூழல்களில் எப்படி வாழ்கின்றனர் என்று பார்க்க இது வாய்ப்பளிக்கிறது.

ஆறு வற்றிய வரலாறு

ஹீலா ஆற்றுப் பள்ளத்தாக்கு பாலைவனத்தின் நடுவே இருந்தாலும் வறண்ட பூமியாக இருக்கவில்லை. பிமா மக்களின் முன்னோராகக் கருதப்படும் ஹொஹோகம் மக்கள் அங்கு நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குப் பாசனக் கால்வாய்களை வெட்டியிருந்தனர். ஃபீனிக்ஸ் நகரின் சில கால்வாய்கள் இன்றும் அந்தப் பழைய தடங்களை ஒட்டியே செல்கின்றன. பிமா உழவர்கள் மக்காச்சோளம், பூசணி, பருத்தி ஆகியவற்றோடு, வறட்சியைத் தாங்கும் டெப்பரி அவரையையும் பயிரிட்டனர். மெஸ்கீட் மரக்காய்களும் சகுவாரோ கள்ளிப் பழங்களும் பாலைவனம் தந்த உணவுகள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரத் தொடங்கிய ஸ்பானியப் பாதிரிமார் கோதுமையைக் கொண்டுவந்தனர். குளிர்காலத்திலும் விளையும் அந்தப் பயிரைப் பிமா மக்கள் விரைவிலேயே கைவசப்படுத்திக்கொண்டனர்.

1849இல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் புறப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் இவ்வழியே சென்றனர். அவர்களுக்கு உணவளித்தவர்கள் பிமா உழவர்கள். பின்னர் அமெரிக்க இராணுவத்துக்கும் இவர்கள் பெருமளவில் கோதுமை விற்றனர். அப்போது இவர்கள் தானியத்தை விற்று வாழ்ந்த வேளாண் சமூகமாக இருந்தார்கள், எவரிடமும் கையேந்தவில்லை. இன்றைய வறுமைப் புள்ளிவிவரங்களை மட்டும் பார்ப்பவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

1859இல் ஹீலா ஆற்றுப் பழங்குடி ஒதுக்கிடம் உருவாக்கப்பட்டது. நிலம் அளந்து கொடுக்கப்பட்டதே தவிர, ஆற்று நீருக்கு உறுதி அளிக்கப்படவில்லை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் வெள்ளையர் குடியேற்றங்கள் மேல்மடையில் பெருகின. 1880களின் பிற்பகுதியில் வெட்டப்பட்ட ஃபுளோரன்ஸ் கால்வாய், கடைமடைக்கு வந்துகொண்டிருந்த மிச்ச நீரிலும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. மேல்மடைக்காரர் நீரைத் தடுத்தால் கடைமடை என்ன ஆகும் என்பது உழவறிந்த எவருக்கும் விளங்கும். 1890களில் வறட்சியும் சேர்ந்துகொள்ள, பஞ்சம் வந்தது. பிமா குடும்பங்கள் மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றுப் பிழைத்தன. கைவிட்டுப்போன நீரை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டப்பட்ட கூலிட்ஜ் அணை 1930இல் திறக்கப்பட்டது. ஆனால் பழைய வேளாண்மை திரும்பவில்லை.

நிலமில்லாத விடுதலை

ஆப்பிரிக்க மரபினரின் வரலாறு வேறு வகையானது. பிமா மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்களுடைய வாழ்வாதாரம் எடுத்துச்செல்லப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கரோ தம் நிலத்திலிருந்தே பெயர்த்தெடுக்கப்பட்டனர். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் கப்பலேற்றப்பட்டனர், வழியிலேயே ஏறக்குறைய 18 லட்சம் பேர் இறந்தனர். இன்றைய அமெரிக்க நிலப்பகுதிக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டோர் 4 லட்சத்துக்கும் குறைவு. ஆயினும் 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு அடிமைகளாக இருந்தோர் சுமார் 39.5 லட்சம்.

1865 சனவரியில் தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணை, தென்கடற்கரையோர நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க வழி செய்தது. அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய உரிமையாளர்களிடம் திருப்பித் தரச் செய்தார். விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் வாரக் குத்தகைக்குத் தள்ளப்பட்டனர். விதையும் கருவியும் கடனாக வரும், அறுவடையில் பங்கு போகும், ஆண்டு முடிவில் கடன் மட்டும் மிஞ்சும். இத்தனைக்கும் இடையில் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கினர். 1920இல் கருப்பின உழவர்களின் எண்ணிக்கை, குத்தகையாளரையும் சேர்த்து, 9 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 50,000க்கும் குறைவு.

கூட்டுப் பட்டாவின் சிக்கல்

இரு சமூகங்களின் பொருளாதாரத்திலும் அதிகம் பேசப்படாத ஓர் ஒற்றுமை உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹீலா ஆற்று ஒதுக்கிடத்தின் நிலம் 10 ஏக்கர் துண்டுகளாகத் தனியாட்களுக்குப் பிரிக்கப்பட்டது. உரிமையாளர் இறந்தால் அந்தத் துண்டு எல்லா வாரிசுகளுக்கும் பொது. அவர்கள் இறந்தால் அவர்களுடைய வாரிசுகளுக்கும் பொது. மூன்று நான்கு தலைமுறைகளில் ஒரே துண்டுக்குப் பலப்பல பங்காளிகள் உருவாயினர். அத்தனை பேரின் இசைவையும் பெற்று உழுவதோ குத்தகைக்கு விடுவதோ அரிது. நிலம் கூட்டரசின் பொறுப்பில் இருப்பதால் அதை அடகு வைத்துக் கடன் வாங்குவதும் கடினம்.

அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் இதே சிக்கல் வேறு வழியில் வந்தது. வழக்கறிஞரையும் நீதிமன்றத்தையும் நம்ப இயலாத கருப்பினக் குடும்பங்கள் பல உயில் எழுதாமலே நிலத்தை விட்டுச்சென்றன. பிரிக்கப்படாத அந்தக் கூட்டுச் சொத்தில் யாரோ ஒரு பங்காளியின் சிறு பங்கை வெளியார் ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டால் போதும், நீதிமன்றம் சென்று முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. இதைத் தடுக்கும் மாதிரிச் சட்டம் 2010இல்தான் வகுக்கப்பட்டு, மாநிலம் மாநிலமாக ஏற்கப்பட்டு வருகிறது. பிமா மக்களின் நிலம் கைவிட்டுப் போகவில்லை, ஆனால் பயன்படாமல் முடங்கியது. ஆப்பிரிக்க அமெரிக்கரின் நிலம் கைவிட்டே போனது.

இதன் விளைவு இன்றைய செல்வக் கணக்கில் தெரிகிறது. 2022இல் அமெரிக்க வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர். கருப்பினக் குடும்பத்துக்கு அது 45,000 டாலருக்குச் சற்றுக் குறைவு.

உணவும் நோயும்

தென்மாநிலப் பண்ணைகளில் அடிமைகளுக்கு வாரந்தோறும் அளந்து கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் மக்காச்சோள மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும். நீரிழந்த பிமா மக்களுக்கு அரசு கொடுத்த பங்கீட்டுப் பொருள்கள் வெள்ளை மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு முதலியன. இந்த மாவையும் கொழுப்பையும் கொண்டு செய்யப்படும் பொரித்த ரொட்டி, அமெரிக்கப் பழங்குடிகளின் மரபு உணவு என்று இப்போது விழாக்களில் விற்கப்படுகிறது. உண்மையில் அது பங்கீட்டுப் பொருள்களால் உருவான உணவு. இரு சமூகங்களிலும் என்ன உண்பது என்பதைப் பிறர் தீர்மானித்த காலம் நீண்டது.

1965 முதல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஹீலா ஆற்றுப் பகுதியில் தொடர்ந்து ஆய்வு செய்தனர். 35 வயதைக் கடந்த பிமா மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962இலேயே 'சிக்கன மரபணு' என்ற கருதுகோளை முன்வைத்திருந்தார். பஞ்சக் காலத்தில் கொழுப்பைச் சேமித்து உயிர்காத்த மரபணு, உணவு மிகுந்த காலத்தில் நோயாகிறது என்பது அதன் சாரம். அவர் பிமா மக்களை மனத்தில் வைத்து அதை எழுதவில்லை என்றாலும், பிற்காலத்தில் இவர்களே அதன் எடுத்துக்காட்டாயினர். ஆப்பிரிக்க அமெரிக்கருக்கும் இதை ஒத்த விளக்கம் ஒன்று வந்தது. கப்பல் பயணத்தில் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உப்பிழந்து பலர் இறக்க, உடலில் உப்பைத் தேக்கிவைக்கும் இயல்புடையோரே பிழைத்தனர், அதனால்தான் அவர்களின் வழிவந்தோருக்கு இரத்த அழுத்தம் மிகுதி என்றது அது. வரலாற்றாசிரியர்கள் இதற்குச் சான்று போதாது என்று மறுத்தனர்.

ஒரே மரபினர் வெவ்வேறு இடங்களில் வாழ்வதை ஆராய்ந்தபோது படம் தெளிவாயிற்று. மெக்சிகோவின் மைக்கோபா பகுதிப் பிமா மக்களையும் அரிசோனாப் பிமா மக்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவு அரிசோனாவில் 38 விழுக்காடு, மெக்சிகோவில் 6.9 விழுக்காடு. மைக்கோபாவில் மக்கள் மலைச்சரிவில் கையால் உழுது, மக்காச்சோளமும் அவரையும் உருளைக்கிழங்கும் உண்டு வாழ்ந்தனர். அரிசோனாப் பிமா பெண்களில் நான்கில் மூவர் மிகு உடற்பருமன் கொண்டோர், மெக்சிகோவில் ஐவரில் ஒருவர்.

ஆப்பிரிக்க மரபினரிடம் 1990களில் நடந்த பன்னாட்டு ஆய்விலும் இதே படிநிலை தெரிந்தது. உயர் இரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16, கரீபியத் தீவுகளில் 26, சிகாகோவை அடுத்த மேவுட் புறநகரில் 33 விழுக்காடு. நீரிழிவு நைஜீரியாவில் சுமார் 2, கரீபியத்தில் 9, அமெரிக்காவில் 11 விழுக்காடு. 2005இல் வெளியான மற்றொரு ஒப்பீட்டில், 35 முதல் 64 வயதுவரை உள்ளோரில் செருமானியரின் உயர் இரத்த அழுத்த விகிதம் 55 விழுக்காடு, அமெரிக்கக் கருப்பினத்தவருடையது 44, நைஜீரியருடையது 14. தோல் நிறத்தைக் கொண்டு இந்த வரிசையை விளக்க முடியாது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்பதும் சரியன்று. மேற்கு ஆப்பிரிக்க மரபினரிடம் காணப்படும் ஒரு மரபணு வகை, தூக்க நோய்க் கிருமியிடமிருந்து காத்தாலும், சிறுநீரக நோய்க்கு வழிவகுப்பது உறுதிப்பட்டுள்ளது. அதேபோல, நைஜீரியச் சிற்றூர்களில் நீரிழிவு குறைவு என்பதால் அங்கு வாழ்க்கை நலமாக இருக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. அந்நாட்டில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 100க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதை எட்டுவதில்லை. மலேரியாவும் மருத்துவ வசதியின்மையும் அங்கு முதன்மைச் சிக்கல்கள்.

உரிமைகளும் ஈடுகளும்

குடியுரிமையிலும் இரு சமூகங்களும் நெடுங்காலம் காத்திருந்தன. ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு 1870இல் ஏட்டளவில் கிடைத்த வாக்குரிமை, தென்மாநிலங்களில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. பழங்குடியினர் அனைவருக்கும் 1924இல் குடியுரிமை வந்தபோதும், அரிசோனாவில் ஒதுக்கிட மக்கள் வாக்களிக்க 1948ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்னர் இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடியை நட்ட வீரர்களில் ஒருவரான ஐரா ஹேய்ஸ் ஒரு பிமா. உலகமே பார்த்த அந்தப் படத்தில் இருப்பவர், சொந்த மாநிலத்தில் வாக்களிக்க முடியாதவராக இருந்தார். 1955இல், 32ஆம் வயதில், ஒதுக்கிடத்திலேயே வறுமையில் இறந்தார்.

பெரிய வேறுபாடு ஈடு பெறும் வழியில் உள்ளது. பிமா மக்கள் தனி அரசாட்சி உரிமை உடைய பழங்குடிச் சமூகம். ஆகவே சமூகமாக வழக்காட அவர்களால் முடிந்தது. 1988ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் சூதாட்ட விடுதிகள் நடத்தி, அந்த வருவாயைப் பொதுப் பணிகளுக்குச் செலவிடவும் முடிந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு அத்தகைய சட்ட நிலை இல்லை. வேளாண் துறை கடன் வழங்குவதில் பாகுபாடு காட்டியதாகக் கருப்பின உழவர்கள் தொடுத்த வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்தது. தனித்தனி ஆட்களாக விண்ணப்பித்து, ஏற்கப்பட்டோரில் பெரும்பாலோர் தலைக்கு 50,000 டாலர் பெற்றனர். இழந்த நிலம் அதில் திரும்பவில்லை.

பிமா மக்களுக்கோ இழந்த நீரே சட்டப்படி திரும்பியது. 2004ஆம் ஆண்டின் அரிசோனா நீர் உடன்பாட்டுச் சட்டம் ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டுதோறும் 6,53,500 ஏக்கர் அடி நீருக்கு உரிமை அளித்தது. நம் வழக்கில் சொன்னால் அது சுமார் 28.5 டி.எம்.சி. அதில் கணிசமான பங்கு ஹீலாவின் நீரன்று, 336 மைல் நீளக் கால்வாய் வழியே வரும் கொலராடோ ஆற்று நீர். டெப்பரி அவரை மீண்டும் பயிராகிறது. 2023இல் கொலராடோ ஆற்றின் மீட் ஏரி அபாய அளவுக்கு வற்றியபோது, கூட்டரசிடம் ஆண்டுக்கு 5 கோடி டாலர் பெற்றுக்கொண்டு, தங்கள் பங்கில் 1,25,000 ஏக்கர் அடியை ஏரியிலேயே விட்டுவைக்க ஹீலா ஆற்றுச் சமூகம் இசைந்தது. அந்த ஏரியின் நீரையும் நம்பியிருக்கும் நகரங்களில் ஃபீனிக்சும் ஒன்று.