சித்திரக்கதைக்காரரும் நடுவுநிலைமையும்

ஓராசிரியர்பாற் பேரன்புடையார் பலர் ஒருங்குகூடி, அவருடைய நூல்களையும் வாழ்க்கையையும் பற்றிய கலைக்களஞ்சியமொன்றைத் தாமே எழுதித் தாமே திருத்திவருதல் இக்காலத்து வழக்கமாயிருக்கின்றது. அதனை விக்கி என்பர். அன்பர் எழுதுவதில் ஒரு நன்மையுண்டு. பிறர் கண்ணிற் படாத சிறு செய்தியையும் அவர் அறிவர். இடரும் உண்டு. அவ்வாசிரியர் பழிக்கு உள்ளானவராயிருப்பின், ஒரு சாரார் அப்பழியை மறைப்பர். மறுசாரார் அதனையன்றி வேறொன்றும் எழுதார். இரண்டும் வாசகனுக்குச் செய்யும் தீங்கேயாம். இவற்றை விலக்கி எழுதுமாறு எங்ஙனம் என்பதனை, பெல்ஜிய நாட்டுச் சித்திரக்கதைக்காரராகிய எர்ஜே என்பாரைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அவரது இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. அப்பெயரின் முதலெழுத்துக்களை முன்பின்னாக்கிப் பிரெஞ்சு முறையில் உச்சரித்தால் எர்ஜே என்றாகும். 1907-ஆம் ஆண்டிற் பிரஸ்ஸெல்ஸை அடுத்த எட்டர்பெக்கிற் பிறந்து, 1983-இல் இறந்தார். 1929-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையின் சிறுவர் அநுபந்தத்தில், டின்டின் என்னும் இளம் நிருபனும் அவன் வெள்ளை நாயும் முதன்முதல் தோன்றினர். எர்ஜேயின் கைத்திறத்தைப்பற்றி வாதமில்லை. நிழலிட்டு மறைக்காமல், ஒரே சீரான கோட்டினால், மோட்டாரும் கப்பலும் தெருவும் உள்ளபடியே தோன்றுமாறு வரைந்த அவர் முறையைப் பின்பற்றியோர் பலர். வாதமெல்லாம் அக்கோட்டினால் அவர் எவரை எவ்வாறு வரைந்தார் என்பதைப் பற்றியதே.

முதல் வழக்கு காங்கோவைப் பற்றியது. அந்நாடு 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமை போலிருந்து, ரப்பருக்காக அந்நாட்டு மக்கள் சொல்லொணாக் கொடுமையுற்றபின், பெல்ஜிய அரசின் குடியேற்ற நாடாயிற்று. பத்திரிகையை நடத்திய நார்பெர் வாலெஸ் பாதிரியார், சிறுவர்க்குக் காங்கோவின்மேல் விருப்பம் உண்டாகவேண்டுமென்று கருதி, டின்டினை அங்கே அனுப்புமாறு இளைஞரான எர்ஜேயைப் பணித்தார். 1930-31-இல் வெளிவந்த அக்கதையில், காங்கோ மக்கள் தடித்த உதடும் பேதைமையும் உடையவராய், வெள்ளைச் சிறுவனை வணங்குவாராக வரையப்பட்டுள்ளனர். ஒரு பள்ளிக் காட்சியில் டின்டின் அம்மாணவர்க்கு, உங்கள் தாய்நாடு பெல்ஜியம் என்று பாடம் புகட்டுகின்றான். 1946-இல் எர்ஜே இதனை வண்ணத்திற் புதுக்கியபொழுது, அப்பாடம் கணக்குப் பாடமாக மாறிற்று. முகங்கள் மாறவில்லை.

இவ்விடத்தில் அன்பர் தவறாது எழுதும் வாக்கியம் ஒன்றுண்டு: அக்காலத்தில் எல்லாரும் அவ்வாறே எண்ணினர் என்பது. எல்லாரும் என்ற சொல்லுக்குள் காங்கோ மக்கள் அடங்குவரா என்று நாம் வினவுதல் வேண்டும். ஐரோப்பியரை மட்டும் கொண்டாலும் அவ்வாக்கியம் நில்லாது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ழீத், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட காங்கோவைத் தாமே சென்று கண்டு, அங்கு வணிகக் கூட்டத்தார் செய்த கொடுமைகளை 1927-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தார். ஆகவே, எர்ஜே காங்கோவைக் கண்டவரல்லர், தம் சூழலிற் பரவியிருந்த எண்ணங்களையே வரைந்தார் என்று எழுதுவதே தக்கது. பிற்காலத்தில் அவரும் ஏறக்குறைய இவ்வாறே கூறினார். இஃது உண்மைக்கு ஒத்தது. பழியைக் கூட்டுவதுமன்று, குறைப்பதுமன்று.

இனி அவருக்குப் பெரும் புகழ் தந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1934-இல், டின்டின் அடுத்துச் சீனாவுக்குச் செல்வான் என்ற விளம்பரத்தைக் கண்டு, லூவேன் பல்கலைக்கழகத்துச் சீன மாணவர்க்கு ஞான ஆலோசகராயிருந்த கோசே பாதிரியார் எர்ஜேக்குக் கடிதமெழுதினார். சீனரைப்பற்றிய பழங்கதைகளை மீண்டும் வரையாமல் முதலில் அந்நாட்டை அறிந்துகொள்க என்பது அதன் கருத்து. அவர் வழியாகவே, பிரஸ்ஸெல்ஸிற் கலைபயின்ற ஜாங் சோங்ரென் என்னும் சீன மாணவர் எர்ஜேக்கு நண்பரானார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர். அந்நட்பின் பயனே நீலத்தாமரை என்னும் கதை. அதன் தெருக்களிற் காணும் சீன எழுத்துக்கள் மெய்யான எழுத்துக்கள். ஜப்பானியப் படையெடுப்பைக் கண்டிக்கும் வாசகங்களும் அவற்றுள் உண்டு. 1931-இல் மஞ்சூரியாவில் இருப்புப்பாதை வெடிவைக்கப்பட்ட சூழ்ச்சியையும் அக்கதை காட்டுகின்றது. ஐரோப்பியர் சீனரைப்பற்றிக் கொண்டிருந்த மூடக்கருத்துக்களை டின்டினும் சீனச் சிறுவன் ஒருவனும் எண்ணி நகைக்கும் பக்கம் எமக்கு மிகவும் உவப்பானது. ஆயினும் அதே நூலில் ஜப்பானியர் நீண்ட பல்லினராய் இழிவுதோன்றவே வரையப்பட்டிருத்தலையும் கூறாமல் விடலாகாது.

இவ்வளவோடு நிறுத்துவோர், அறியாமையாற் பிழைத்த இளைஞர் ஒரு நண்பரால் அறிவு பெற்றுத் திருந்தினார் என்று கதையை முடிப்பர். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் ஆண்டுகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

1940-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைக் கைப்பற்றினர். எர்ஜே வேலைசெய்த பத்திரிகை நின்றுபோயிற்று. லெ சுவார் என்னும் பெரும் பத்திரிகையை ஜெர்மானியர் உடையவரிடமிருந்து பறித்துத் தமக்கு இணங்கியோரைக்கொண்டு நடத்தினர். திருடப்பட்ட சுவார் என்று மக்கள் அதனை இகழ்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 17 முதல் எர்ஜே அதிற் கதை வரைந்தார். அதே மாதம் 28-ஆம் நாள் பெல்ஜிய யூதர்மீது முதற் கட்டளைகள் பிறந்தன. 1941 அக்டோபரில் தொடங்கிய மர்ம விண்மீன் என்னும் கதையில், ஐரோப்பிய அறிஞரின் நற்பயணத்தைக் கெடுக்கச் சூழ்ச்சி செய்பவன் நியூயார்க்கில் வாழும் புளூமென்ஸ்டைன் என்னும் யூதப் பெயருடைய செல்வன். பத்திரிகையில் வந்த ஒரு காட்சியிலோ, உலகம் அழியப்போகின்றது என்று கேட்ட யூத வணிகர் இருவர், கடனைத் திருப்பவேண்டியதில்லை என்று மகிழ்கின்றனர். அக்கதை 1942 மே மாதத்தில் முடிந்தது. ஆகஸ்டு மாதம் மெகெலென் நகரிலிருந்து யூதரை ஏற்றிய முதல் இரயில் ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்டது. போர் முடியுமுன் அங்ஙனம் அனுப்பப்பட்டோர் 25,000-க்கு மேற்பட்டவர். மீண்டவர் மிகச் சிலர்.

அப்பத்திரிகையின் தன்மை அந்நாளில் விளங்கவில்லை என்பாரும் உளர். 1943 நவம்பர் 9-இல், எதிர்ப்பியக்கத்தார் லெ சுவாரைப் போலவே போலிப் பத்திரிகையொன்றை அச்சிட்டு, ஜெர்மானியரை எள்ளி, கடைகளில் விற்கச்செய்தனர். ஈடுபட்டோருட் பலர் பிடிபட்டுத் துன்புற்றனர். நகரத்தார்க்கு விளங்காத ஒன்றை எள்ளுவதற்கு அவர் உயிரைப் பணயம் வைத்திரார்.

ஆகவே நீலத்தாமரை முன்னது, மர்ம விண்மீன் பின்னது. சீனரைப்பற்றி 1934-இற் கற்ற பாடம் யூதரைப்பற்றி 1941-இல் உதவவில்லை. இதனை மனப்போக்கின் விளக்கம் ஒன்றுமின்றி, ஆண்டு வரிசையில் வைத்தாலே போதும். வாசகன் தானே காண்பான். வாழ்க்கையைப் பாவம், மனமாற்றம், மீட்பு என்ற அச்சில் வார்க்கும் ஆசை எம்போல்வார் கல்லூரிகளில் மிகுதியாதலின், இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

மறுசாராரும் ஆண்டு வரிசைக்குக் கட்டுப்பட்டவரே. 1944 செப்டம்பரில் பிரஸ்ஸெல்ஸ் விடுதலை பெற்றதும் எர்ஜே பலமுறை பிடிக்கப்பட்டு ஓரிரவு சிறையிலிருந்தார். எனினும் அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. 1946-இல் நற்குடிமைச் சான்றிதழ் பெற்றார். அவ்வாண்டு அவருடன் சேர்ந்து டின்டின் வாரப்பத்திரிகையைத் தொடங்கியவர், எதிர்ப்பியக்கத்தில் உழைத்த ரேமோன் லெப்லாங் என்பவர். நாஜிக் கட்சியார் என்று எர்ஜேயை ஒரே சொல்லிற் சுட்டும் கட்டுரை இவற்றை விழுங்கியே அவ்வாறு எழுதமுடியும்.

பதிப்புக்களைப் பிரித்துக் கூறுதலும் இன்றியமையாதது. கடன் நீங்கிற்றென்று மகிழும் காட்சி 1942-இல் வந்த நூலிலேயே நீக்கப்பட்டது. 1950-க்குப் பின் வந்த பதிப்பில் அமெரிக்கக் கொடி ஒரு கற்பனை நாட்டின் கொடியாயிற்று. புளூமென்ஸ்டைன் போல்விங்கெல் ஆனான். இது மிட்டாய்க்கடைக்குப் பிரஸ்ஸெல்ஸ் நகரத்தார் வழங்கும் சொல்லிலிருந்து எடுத்தது. அதுவும் யூதர் சிலர்க்கு உரிய குடிப்பெயரென்று பின்னரே எர்ஜேக்குத் தெரியவந்தது. அம்மனிதனின் முகம் அப்படியே நிற்கின்றது. இன்று கடையில் வாங்கும் நூலை மட்டும் படித்த அன்பனும், 1941-இன் பத்திரிகைத் தாளைக் கண்டவனும் ஒரே நூலைப்பற்றி வாதிடுவதாக எண்ணி ஓயாது பூசலிடுவது இதனாலேயே. எந்தப் பதிப்பு, எந்தக் காட்சி, எந்த ஆண்டு என்று குறித்துவிட்டாற் பூசலிற் பாதி அடங்கும்.

காங்கோ நூலின் பிற்கால வரலாற்றிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2007-இல், காங்கோவிற் பிறந்து பெல்ஜியத்தில் வாழ்ந்த ஒருவர் அந்நூலைத் தடைசெய்யவேண்டிப் பிரஸ்ஸெல்ஸ் நீதிமன்றத்தை நாடினார். 2012-இல் அவர் வழக்குத் தள்ளப்பட்டது. நூல் பிறந்த காலத்தை நோக்க, பகைமையைத் தூண்டும் கருத்தோடு அஃது எழுதப்பட்டதாகக் கொள்ளவியலாது என்பதே நீதிமன்றத்தின் முடிபு. நூல் குற்றமற்றதெனத் தீர்ப்பாயிற்று என்று எழுதினால் அது தீர்ப்பைத் திரித்தலாம். நீதிமன்றம் ஆராய்ந்தது சட்டத்தின் வினாவையே, சித்திரத்தின் நன்மை தீமையையன்று. காங்கோ மக்கள் அந்நூலை வெறுக்கின்றனர் என்று பொதுப்பட எழுதுவதும் பொருந்தாது. கின்ஷாசா நகரத்துக் கைவினைஞர், டின்டின் தங்கள் நாட்டுக்கு வந்த கோலத்தை மரத்திற் செதுக்கி வண்ணந்தீட்டிப் பயணிகளுக்கு விற்கின்றனர். வழக்காடியவரும் அந்நாட்டவரே, செதுக்குவோரும் அந்நாட்டவரே. இன்னார் இன்ன ஆண்டில் இன்னது செய்தார் என்று இருவரையும் அடுத்தடுத்து எழுதி, அவ்விடத்தில் எழுதுவோன் தன் எழுதுகோலை நிறுத்திக்கொள்ளலாம்.