சாம்பலைத் தாங்கும் மண் அணை

நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிக்கும்போது பெருமளவில் சாம்பல் எஞ்சுகிறது. பல அனல்மின் நிலையங்கள் அச்சாம்பலை நீருடன் கலந்து, குழாய்களின் வழியாக அருகிலுள்ள பெரிய குளத்திற்கு அனுப்புகின்றன. அங்குச் சாம்பல் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளியேற்றப்படும். இக்குளத்தைச் சுற்றி மண்ணால் எழுப்பப்படும் கரையே சாம்பல் அணை எனப்படுகிறது.

இது நீரைத் தேக்கும் அணையிலிருந்து வேறுபட்டது. ஆற்றின் குறுக்கே கட்டப்படும் அணை பெரும்பாலும் தொடக்கத்திலேயே முழு உயரத்திற்கு எழுப்பப்படுகிறது. சாம்பல் அணையோ, சாம்பல் சேரச் சேரச் சிறிது சிறிதாக உயர்த்தப்படுகிறது. சில இடங்களில், முன்பே படிந்த சாம்பலின் மீதே புதிய கரை அமைக்கப்படுவதுண்டு. புல் மூடிய அக்கரை பார்வைக்குச் சிறு குன்றுபோல் உறுதியாகத் தோன்றும். ஆனால், நீரில் ஊறிய சாம்பல் துகள்களுக்கு இடையே பிடிப்புக் குறைவு. சுமை கூடி அப்பிடிப்புத் தளர்ந்தால், அசையாமல் கிடந்த சாம்பல் குழம்புபோல் ஓடத் தொடங்கும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நிகழ்ந்த விபத்து இதனை உலகிற்கு உணர்த்தியது. 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 1 மணிக்கு, கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் அணை உடைந்தது. அரசு மின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமே அதன் உரிமையாளர். 4 மில்லியன் கன மீட்டருக்கும் அதிகமான சாம்பற்சேறு எமரி ஆற்றில் பாய்ந்து, நிலமும் நீருமாக ஏறத்தாழ 120 ஹெக்டர் பரப்பை மூடியது. வீடுகள் சேதமடைந்தன. அன்றிரவு எவரும் உயிரிழக்கவில்லை. எனினும், அச்சாம்பலில் ஆர்சனிக் போன்ற நச்சுப்பொருள்கள் கலந்திருந்தன. துப்புரவுப் பணி 2015 வரை நீடித்தது. 1 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் செலவானது. பணியில் ஈடுபட்ட தொழிலாளர் பலர், அதனால் தாங்கள் நோயுற்றதாக வழக்குத் தொடுத்தனர்.

இவ்விபத்துக்கு முன்பே, 2003-இலும் 2006-இலும் கரையில் நீர்க்கசிவு காணப்பட்டது, அது சரிசெய்யவும்பட்டது. ஆனால், விபத்துக்குப் பின் நடந்த ஆய்வு, கண்ணுக்குத் தெரியாத வேறொரு குறையைச் சுட்டியது. குளத்தின் ஆழத்தில் நுண்ணிய சாம்பல் சேறு வழுக்கும் தன்மையுள்ள மெல்லிய அடுக்காகப் படிந்திருந்தது. உயர்ந்துகொண்டே போன சாம்பலின் சுமையும் மிகுதியான நீரும் அவ்வடுக்கை நழுவச் செய்தன. ஆகவே, மேற்பரப்பைச் செப்பனிடுவது மட்டும் போதாது. கரை எதன்மீது நிற்கிறது என்பதையும் துளையிட்டுச் சோதித்து அறிய வேண்டும்.

2015-இல் அமெரிக்கா புதிய விதிகளை வகுத்தது. அவற்றின்படி, பயிற்சி பெற்றவர்கள் 7 நாள்களுக்கு ஒருமுறையாவது கரையைப் பார்வையிட வேண்டும். தகுதி பெற்ற பொறியாளர் ஆண்டுதோறும் ஆராய வேண்டும். அணைகளுக்கு அபாயத் தரமும் வழங்கப்படுகிறது. ‘உயர் அபாயம்’ என்றால் அணை பலவீனமானது என்று பொருளன்று. உடைந்தால் உயிர்ச்சேதம் ஏற்படக்கூடும் என்பதே பொருள். எனவே, உறுதியாகத் தெரியும் அணைக்கும் இத்தரம் பொருந்தலாம்.

கிங்ஸ்டன் நிலையம் பின்னர்ச் சாம்பலை உலர்ந்த நிலையில் சேகரிக்கும் முறைக்கு மாறியது. உலர்ந்த சாம்பலைச் சிமெண்டு, கான்கிரீட் தயாரிப்பிலும் பயன்படுத்தலாம். நாம் விளக்கைப் போடும்போது சாம்பல் நம் கண்ணில் படுவதில்லை. ஆயினும், அது எங்கோ ஒரு கரைக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கிறது. அக்கரையைக் காப்பதும் மின் உற்பத்தியின் ஒரு பகுதியே ஆகும்.