எழுத்து மாறிய முன்னோர்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் மூதாதையரைத் தேடிப் போகும்போது 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்து நிற்கும். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயரே எழுதவில்லை. உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். விடுதலைக்குப் பிறகு, 1870இல்தான் லட்சக்கணக்கானோர் சொந்தப் பெயரோடு தாளில் ஏறினார்கள். அந்தப் பெயரும் இன்று இணையத்தில் தேடினால் அகப்படாமல் போவது பெருங்கொடுமை. பல நேரம் ஆள் அங்கேதான் இருக்கிறார், எழுத்துதான் பிசகியிருக்கிறது.

இதில் காதுப் பிழை வேறு, கண் பிழை வேறு. வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளர், காதில் விழுந்தபடி பெயரை எழுதிக்கொண்டது காதுப் பிழை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட குடும்பத்தில் அதைச் சரிபார்க்க ஆளில்லை. நூறாண்டுக்கு மேல் கழித்து அந்தக் கையெழுத்தைக் கணினியில் ஏற்றியவர் தவறாகப் படித்தது கண் பிழை.

காதுப் பிழைக்கென்றே ‘சவுண்டெக்ஸ்’ என்ற முறை இருக்கிறது. ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைத் தருவார்கள். எம், என் இரண்டுக்கும் 5. ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் மூன்றும் ‘எஸ்530’ என்ற ஒரே குறியீட்டில் வந்துவிடும். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்களின் வயதை உறுதிசெய்ய, பழைய கணக்கெடுப்புகளில் இருந்த பெயர்களை இம்முறையில் அட்டை அட்டையாக எழுதி அடுக்கினார்கள்.

கண் பிழையிடம் இது தோற்றுப்போகும். பழைய கையெழுத்தில் பெரிய எஸ், எல் இரண்டும் ஒரே மாதிரி சுழிந்திருக்கும். சாண்டர்ஸை லாண்டர்ஸ் என்று படித்துவிட்டால் குறியீடு எஸ்536இலிருந்து எல்536க்குப் போய்விடும். அப்போது முதலெழுத்து இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டுத் தேட வேண்டும். அதைவிட நல்ல வழி, குடும்பப் பெயரையே விட்டுவிடுவது. ஊர், பிறந்த மாநிலம், ஐந்தாண்டு முன்பின்னாக வயது, வீட்டில் யாருக்கேனும் அபூர்வமான பெயர் இருந்தால் அது: இவை போதும். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்த ஊரின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் வழி. அலுப்பான வேலைதான், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் உறவினர் தட்டுப்படுவது இப்படித்தான்.

ஓர் எச்சரிக்கை. 1870 தாளில் உறவுமுறை கிடையாது. அந்தப் பத்தி 1880இல்தான் வந்தது. ஒரே வீட்டில் இருப்பதாலேயே ஒருவரை மகன் என்று முடிவுகட்டக் கூடாது.

தேடியவர் கிடைத்துவிட்டால், மூலத் தாளின் படத்தோடு ஒப்பிட்டு, சரியான பெயரை நீங்கள் தேடிய இணையதளத்திலேயே பதிந்துவிடுங்கள். பல தளங்கள் இதற்கு இடம் தருகின்றன. அதே மூதாதையரின் வேறொரு கிளை வழிவந்தவர் நாளை தேடும்போது முதல் முயற்சியிலேயே அவர் கிடைப்பார்.