பூட்ஸும் உத்தியோகமும்

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் சில வீடுகளின் கூடத்தில், சுவாமி படங்களுக்கு அருகே, பிரெஞ்சுப் பட்டாளத்து உடுப்பு அணிந்த பெரியவர் ஒருவரின் படம் தொங்கக் காணலாம். ‘சொல்தா வீடு’ என்று ஊரார் அதைச் சொல்வார்கள். 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி அது சட்டபூர்வமாக நிறைவேறிற்று. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று உடன்படிக்கையில் இடம் இருந்தது. அவ்வாறு எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும், படிப்பின் பேரில் விசா பெற்றவர்களுமாக, நம் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் பாரீஸுக்கும், சிலர் கானடாவுக்கும் புறப்பட்டவண்ணம் இருக்கிறார்கள்.

பெட்டி கட்டும்போது வீடே கூடி நிற்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் எத்தனை சீசா, பருப்புப் பொடி எத்தனை பொட்டலம் என்று பாட்டி கணக்கிடுகிறாள். கம்பளிச் சட்டையைக் கடன் வாங்கியாவது வாங்கி விடுகிறார்கள். காலுக்கு என்ன என்று கேட்பார் இல்லை. பையன் அங்கே போய்ச் சேர்ந்து, அறைக்கு வாடகை கொடுத்து, கையில் உள்ள காசு கரைந்துகொண்டிருக்கையில், ஜனவரி மாதத்து உறைபனியிலே இண்டர்வியூவுக்கு வரும்படி அழைப்பு வருகிறது. அப்பொழுதுதான் அவன் தன் பாதங்களைக் குனிந்து பார்க்கிறான்.

இதில் அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? மார்கழி விடியற்காலையிலும் நம் ஊரில் தெர்மாமீட்டர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அருமை. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிறவன் வெறுங்காலுடன்தான் சேற்றில் இறங்க வேண்டும். கோயில் வாசலிலும், வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றி வைப்பதே நமக்கு மரியாதை. மேனாட்டிலோ இது தலைகீழ். அங்கே உத்தியோக சாலையில் காலணியோடு நுழைவது மரியாதை. அந்தக் காலணி சுத்தமாயிருப்பது அதனினும் பெரிய மரியாதை.

காலில் அணிவது அந்தஸ்தின் அடையாளம் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. 1873-ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வக்கீல், ஐரோப்பிய முறையில் பூட்ஸும் மேஜோடும் அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் சென்றார். இந்தியர் ஒருவர் அப்படி வருவது வழக்கத்துக்கு விரோதம் என்று நீதிபதி தடுத்தார். வக்கீல் அடங்கவில்லை. பாரீஸிலுள்ள மேல் நீதிமன்றம் வரையில் வழக்கைக் கொண்டு சென்று ஜயித்தார். பின்னாளில் ‘லாப்போர்த்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டவரும், 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கும் இயக்கத்தில் முன் நின்றவரும் இவரே. வெள்ளைக்கார நீதிபதி செய்த இந்த அநீதியைக் கேட்டு நாம் கொதிக்கிறோம். கொதிக்கட்டும், ஆனால் நம்மூர்த் தெருக்களிலேயே, இன்ன சாதியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று நாமே வைத்திருந்த சட்டத்துக்கு எந்த மேல் நீதிமன்றம் இருந்தது?

மகாத்மா காந்தி 1931-ல் லண்டனுக்குச் சென்றபோது செருப்பணிந்த காலோடு அரண்மனைக்கே போகவில்லையா என்று சில இளைஞர்கள் கேட்கக்கூடும். போனார். ஆனால் அவர் அங்கே குமாஸ்தா வேலைக்கு மனுப் போடவில்லை!

விஷயத்துக்கு வருவோம். இண்டர்வியூவுக்கு உரியது என்று கடைக்காரன் காட்டும் பளபளப்பான பூட்ஸுக்கு அடி மெல்லியதாயிருக்கும். பெரும்பாலும் வழவழப்பான தோல், அல்லது மலிவான கடினப் பிளாஸ்டிக். உருகத் தொடங்கிய பனிக்கட்டியின் மீது மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. தோலடிக்கு அதைப் பற்றிக்கொள்ளும் சக்தி கிடையாது. மலிவான பிளாஸ்டிக்கோ குளிரில் விறைத்து மரக்கட்டைபோல் ஆகிவிடும். பாரீஸில் பனி கனத்துப் பெய்யும் நாட்கள் குறைவு. பெய்த பனி மிதிபட்டுக் கரைந்து, கறுத்த குழம்பாய்த் தெருவோரத்தில் கிடப்பதே அங்கே பெரிய தொல்லை. ஆகவே அங்கே ஈரத்துக்கு அஞ்ச வேண்டும். மோந்த்ரேயால் நகரில் ஜனவரி மாதச் சராசரி சைபருக்குக் கீழே சுமார் 10 டிகிரி. அங்கே குளிருக்கே அஞ்ச வேண்டும். ஊரைப் பார்த்துத்தான் ஜோடு.

பாரீஸுக்குப் போகிறவனுக்கு நான் சொல்லுவது இது: கணுக்கால் மறையும் உயரத்தில், கறுப்போ, கரும்பழுப்போ, அலங்காரத் துளைகள் இல்லாத தோல் பூட்ஸ் ஒரு ஜதை. துளை அழகுதான், ஆனால் தண்ணீருக்கும் அது வாசல். நாக்குத் தோல் இரு பக்கமும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் கயிறு கட்டும் இடத்தில் ஈரம் புகாது. அடி ரப்பராக இருக்க வேண்டும். அதில் ஆழமாக வரி வெட்டியிருக்க வேண்டும். இந்த வரியடிக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் மாண்டார்கள். அவர்களுடைய காலணி அந்தக் குளிருக்கும் பனிக்கும் ஏற்றதாக இல்லை. அவர்களுடைய நண்பரான வித்தாலே பிரமானி என்னும் மலையேறி, அந்தத் துயரத்தால் தூண்டப்பட்டு, இரண்டு வருஷங்களில் ரப்பரில் வரியடி ஒன்றை அமைத்தார். ‘விப்ரம்’ என்ற பெயர் அவருடைய பெயரின் சுருக்கமே. மலையேறிகளின் முரட்டு அடி உத்தியோக சாலைக்கு வேண்டாம். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாத அளவுக்கு மெல்லிய வரியடியும் இப்பொழுது கிடைக்கிறது.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். நம் கடைகளில் வழங்குவது ஆங்கில அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். பிரான்ஸில் வழங்குவது பாரீஸ் அளவு. அங்கே ஓர் எண் என்பது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. நம் 8-ஆம் எண் அங்கே ஏறக்குறைய 42. எண் சரியாயிருந்தும் கால் நுழையாமற் போவதுண்டு. சிறு வயது முதல் வெறுங்காலோடு வளர்ந்தவனுக்குப் பாதத்தின் முன்புறம் விசிறிபோல் அகன்றிருக்கும்; சீமை அச்சோ நீண்டு ஒடுங்கியது. அகலமான அச்சு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பாதம் சற்றுப் பருத்திருக்கும் மாலை வேளையில், கம்பளி மேஜோடு அணிந்தே போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மேஜோடுகளைத் திணித்துக் கால் இறுகிவிட்டால் ரத்த ஓட்டம் குறையும். சூடு வராது, விரல் மரத்துப்போகும். காலைச் சூடாக வைப்பது மேஜோட்டின் இழைகளுக்குள் தங்கும் காற்றுதான். இறுக்கிவிட்டால் அந்தக் காற்றுக்கு இடம் ஏது? பருத்தி மேஜோடு வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து குளிரை வளர்க்கும்.

எங்கே வாங்குவது? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கும் பூட்ஸ் ஐரோப்பியக் கடைகளுக்கு ஏற்றுமதியாகிறது. நம் ஊர்த் தோலும் நம் ஊர்த் தொழிலாளியின் கையும் சேர்ந்து செய்ததை, அங்கே போய்ப் பன்மடங்கு விலை கொடுத்து நம் பிள்ளை வாங்குவது வேடிக்கை. சாதாரணத் தோல் பூட்ஸை இங்கேயே வாங்கி, இரண்டு மாதம் அணிந்து பழக்கிக்கொண்டு போகலாம். கடும்பனிக்கு உரிய ரோமம் வைத்த பூட்ஸை மட்டும் அந்த அந்த ஊரிலேயே வாங்குவது நல்லது.

கையில் பணமில்லாதவனுக்கும் வழியுண்டு. சாதாரண பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் மேலுறையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கலோஷ்’ என்பார்கள். ஹைரம் ஹட்சின்ஸன் என்னும் அமெரிக்கர் 1853-ல் பிரான்ஸில் மோந்தார்ஜி நகருக்கு அருகில் ரப்பர்த் தொழிற்சாலை தொடங்கியது முதல் அந்நாட்டில் ரப்பர்க் காலணி பெருகிற்று. வாசலில் கலோஷைக் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டால் உள்ளே உலர்ந்த பூட்ஸோடு போகலாம். கானடாவில் முரட்டுப் பனிப் பூட்ஸோடு நடந்து வந்து, வாசலிலேயே கழற்றிவிட்டுப் பையில் கொண்டுவந்த காலணிக்கு மாறுவது எல்லோருக்கும் வழக்கம்; அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பெண்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பு. குதிகால் உயர்ந்த காலணியே கம்பீரம் என்று யாரோ சொல்லிவைத்ததை நம்பிப் பனியில் நடப்பது விபரீதம். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி லியோன் நகரிலிருந்து எழுதியிருந்தாள்: கேள்வி கேட்டவர் முகம் நினைவில்லையாம், மேஜையின் அடியில் ஈரமான மேஜோடு சில்லிட்டது மட்டும் நினைவிருக்கிறதாம். கற்ற கணக்கியல் முழுவதும் அந்த அரைமணியில் எங்கே போயிற்றோ! இரண்டாவது தடவை தாழ்ந்த அகலக் குதியுள்ள கறுப்புப் பூட்ஸில் போனாளாம். வேலை கிடைத்தது அதனால்தான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி உப்பு. பனி கெட்டியாகாமலிருக்கத் தெருவில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு நீர் சாதாரண நீரைக் காட்டிலும் தாழ்ந்த உஷ்ண நிலையில்தான் உறையும். அந்த உப்பு தோலில் ஏறி வெள்ளைக் கோடாகப் பூத்துவிடும். சிறிது காடியைத் தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். உலர்ந்தபின் மெழுகு பூச வேண்டும். நனைந்த பூட்ஸைச் சூடேற்றும் குழாயின் மேல் வைத்தால் தோல் வெடிக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஓர் இரவு அறையின் மூலையில் வைத்தால் போதும்.

நடையும் ஒரு வித்தைதான். மழை நாளில் வரப்பின் மேல் தலைச்சுமையோடு நடப்பவனைப் பாருங்கள்: எட்டி வைக்கமாட்டான், முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பாதம் முழுவதும் பதியக் குறுகக் குறுக வைப்பான். பனியிலும் அதே நடைதான்; பூட்ஸுக்குள் இருக்கும் விரல்களால் மண்ணைப் பற்ற முடியாது என்பது ஒன்றே வித்தியாசம். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கலாகாது. வழுக்கினால் ஊன்ற கை வேண்டும். குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே வாசலை அடைந்து, மிதியடியில் பனியைத் தட்டி, பையிலுள்ள துணியால் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு, பிறகு மணியை அழுத்தலாம்.