ரூபவாகினியைக் கொண்டுவந்த காற்று

1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய பின், தூத்துக்குடிப் பக்கம் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஆன்டெனாக் கம்பம் ஏறியது. மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழேயிருந்து ஒரு குரல்: "வருது... வருது... ஐயோ, போச்சு!" நேற்று கண்ணாடிபோலத் தெரிந்த படம் இன்று வெறும் புள்ளி. இத்தனைக்கும் ஆன்டெனாவை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கணக்குப்படி பார்த்தால் அந்தப் படம் ஒழுங்காக வந்ததே அதிசயம்தான். ஒளிபரப்புக் கோபுரம் 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலை மலையில். அவ்வளவு உயரத்திலிருந்து கிளம்பினாலும், 200 கி.மீ. சொச்சத்தில் பூமியின் வளைவு அலையை மறைத்துவிடும், அதற்கப்பால் கசிவுதான். தூத்துக்குடியோ சுமார் 350 கி.மீ. தள்ளி இருக்கிறது.

அந்தத் தூரத்தைத் தாண்டவைத்தது காற்றுதான். காற்றின் ஒளிவிலகல் எண் தரைமட்டத்தில் ஏறக்குறைய 1.0003. அந்தக் கடைசி இலக்கத்தில்தான் விளையாட்டெல்லாம். வெப்பம், அழுத்தம், ஈரம் மூன்றும் அதை மாற்றும். ரேடியோ அலையைப் பொறுத்தவரை ஈரத்தின் கை மிக ஓங்கியது. மேலே போகப்போக எண் மெல்லக் குறைவதால், சாதாரண நாளிலேயே அலை சற்றுப் பூமிப்பக்கம் வளையும். கடல்மேல் ஈரக்காற்று படிந்திருக்க, கரையிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று அதன்மேல் போர்வைபோல விரிந்தால், எண் சட்டென்று விழுகிறது. அப்போது அலை, பூமியின் வளைவையும் மிஞ்சி வளைந்து, கடலுக்கும் போர்வைக்கும் நடுவே வாய்க்கால் தண்ணீராக ஓடும். இரண்டாம் உலகப்போரின்போது பம்பாயில் இருந்த ரேடாரில், கோடையில் அரேபியக் கரையே தெரிந்தது. பருவமழை வந்ததும் அந்த வித்தை நின்றுபோனது.

பலத்த காற்று அடித்தால் அடுக்குகள் கலங்கிவிடும், படம் போச்சு. ஆனால் அதே கலக்கத்தை நம்பிப் பிழைக்கும் கருவியும் உண்டு. திருப்பதி அருகே காதங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதியளவுள்ள காற்றுக் கலக்கங்கள் அலையில் துளியைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து, மேகமே இல்லாத வானத்திலும் காற்றின் வேகத்தை அளந்துவிடுகிறார்கள்.

மழையில் டிடிஎச் படம் உறைவது வேறு கதை. அந்த அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். துளிகளே அதை விழுங்கிவிடும். மீட்டர் நீள அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

கடலோரத்தில் இருப்பவர்கள், காற்று அசையாத கோடை விடியலில் எப்.எம். ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள். இலங்கை நிலையம் ஏதாவது பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவதுபோலக் கேட்கக்கூடும். வெயில் ஏறுவதற்குள் கேட்டுவிடுங்கள்.