இரண்டு கதவுள்ள வரிசை

கணினியின் வேகத்துக்கு முன்னால் பிரிண்டர் ஓர் ஆமை. நூறு பக்க அறிக்கையைக் கணினி நொடியில் அனுப்பிவிடும். பிரிண்டர் அதைத் தாளாக்கித் தள்ள நிமிடக்கணக்காகும், நடுவில் தாள் தீர்ந்துவிட்டால் யாராவது வந்து போடும்வரை அப்படியே நிற்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால், ஒருவருடைய வரி மற்றவருடைய பக்கத்தில் விழும். ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுக்கொண்ட 1970களிலேயே யூனிக்ஸ்காரர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள்: பயனர் யாரும் பிரிண்டரை நேராகத் தொடுவதில்லை. வந்ததையெல்லாம் வாங்கிப் போட வட்டில் ஓர் இடம். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கப் பின்னணியில் விழித்திருக்கும் ஒரு நிரல். இடத்துக்கு ஸ்பூல் என்று பெயர், நிரலுக்கு டீமன். வாங்குவது ஒரு வேலை, அச்சிடுவது வேறு வேலை என்ற இந்தப் பிரிப்புதான் லினக்ஸிலும் மேக்கிலும் இன்றுவரை அச்சுப்பணியைத் தாங்கி நிற்கிறது. மற்றதெல்லாம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

மாறியவற்றில் முக்கியமானது கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999இல் வெளிவந்த இந்த மென்பொருளை 2002இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டது. அதற்குமுன் யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு கிளை அச்சிடுவதற்கு 'எல்பி' என்ற கட்டளையைப் பயன்படுத்தியது, இன்னொரு கிளை 'எல்பிஆர்' என்றது. கப்ஸ் இரண்டுக்கும் செவி சாய்க்கிறது, பங்காளிச் சண்டையில் தலையிடுவதில்லை. ஒரு கோப்பை அனுப்பினால், ஸ்பூலில் இரண்டு கோப்புகள் பிறக்கின்றன. 'சி' என்ற எழுத்தில் தொடங்குவது சீட்டு: யார் அனுப்பியது, எந்தப் பிரிண்டர், எத்தனை பிரதி, இருபக்கமா என்ற விவரம். 'டி' என்று தொடங்குவது சரக்கு. அனுப்பியவர் கையில் ஒரு வரிசை எண் வந்துவிடும். அவர் எழுதிக்கொண்டிருந்த மென்பொருளை மூடிவிட்டு எழுந்து போகலாம். எல்லாம் வட்டில் இருப்பதால், மின்சாரம் போய் வந்தாலும் காத்திருக்கும் வேலைகள் வரிசையிலேயே இருக்கும். பிறகு கப்ஸ் சரக்கு என்ன வகை என்று பார்க்கிறது. படமா, பிடிஎஃப்பா, வெறும் எழுத்தா? பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு அதைக் கொண்டுபோகப் பல சின்ன வடிகட்டி நிரல்கள் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு 'செலவு' எண் குறித்து வைத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்துச் செலவு குறைந்த வழியை அது தேர்ந்தெடுக்கிறது.

நிர்வாகம் என்று வரும்போதுதான் வாங்குவதையும் அச்சிடுவதையும் பிரித்ததன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. வரிசைக்கு இரண்டு கதவுகள், இரண்டுக்கும் தனித்தனித் தாழ்ப்பாள். 'கப்ஸ்டிஸேபிள்' என்று தட்டினால் பிரிண்டர் பக்கத்துக் கதவு மூடும்: டோனர் மாற்றும் நேரத்தில் எதுவும் அச்சாகாது, ஆனால் அலுவலகம் முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கலாம். 'கப்ஸ்ரிஜெக்ட்' என்றால் வாசல் கதவு மூடும்: புதிதாக எதுவும் உள்ளே வராது, ஏற்கெனவே இருப்பவை அச்சாகி முடியும். பழைய பிரிண்டரை ஓய்வு கொடுத்து அனுப்ப இதைவிட நாகரிகமான வழி இல்லை. பிரிண்டர் நடுவில் படுத்துவிட்டால், 'எல்பிமூவ்' காத்திருப்பவற்றை அடுத்த பிரிண்டருக்குத் தள்ளிவிடும். மறுபடி அனுப்பச் சொல்லி ஒவ்வொருவர் மேசைக்கும் போக வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு ஆள், ஒரு பிரிண்டர். இதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று கேட்கலாம். ஆனால் அந்த ஒரு ஆளும், தாள் வெளியே வரும்வரை மென்பொருள் உறைந்து நிற்பதைப் பொறுக்கமாட்டார். வரிசை ஏமாற்றுகிறது என்பது இதைவிடக் கனமான குற்றச்சாட்டு. எண் கிடைத்ததும் அச்சாகிவிட்டது என்று நினைத்துப் போகிறவருக்கு, பிரிண்டர் நின்றுபோனது தெரிவதில்லை. பிரிண்டரைச் சரிசெய்தவுடன், அவர் பொறுமையிழந்து ஐந்துமுறை அனுப்பியது ஐந்தும் வந்து விழும். உண்மைதான். ஆனால் இது வரிசையின் பிழை என்பதைவிட, நிலைமையைப் பயனருக்குச் சரியாகச் சொல்லாத திரையின் பிழை. 'எல்பிஸ்டாட்' என்ற கட்டளையைக் கேட்டால் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று சொல்லிவிடும். கேட்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

2024 செப்டம்பரில் இன்னொரு கேள்வி எழுந்தது. வலைப்பின்னலில் புதிய பிரிண்டர்களைத் தேடும் 'கப்ஸ்-பிரவுஸ்டு' என்ற துணை நிரல், 'நான் ஒரு பிரிண்டர்' என்று யார் தகவல் அனுப்பினாலும் நம்பியது. அந்தப் போலிப் பிரிண்டருக்கு யாராவது அச்சிட அனுப்பினால், எதிரியின் கட்டளை அந்தக் கணினியில் ஓடும் என்று ஓர் ஆய்வாளர் காட்டினார். இடைத்தரகர் கூடக்கூட ஓட்டையும் கூடும் என்ற வாதத்துக்கு இது நல்ல சான்று. ஆனால் ஓட்டை இருந்ததோ பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் இடத்திலும் வடிகட்டியிலும்; வரிசையில் அல்ல. இப்போது டிரைவர் மென்பொருளே வேண்டாத பிரிண்டர்கள் வருவதால், அந்த வடிகட்டிகளில் பலவும் மெல்லக் கழன்றுகொண்டிருக்கின்றன. அந்தப் பிரிண்டர்கள் பேசும் ஐபிபி என்ற நெறிமுறையைப் பார்த்தால், 'வேலை வாங்கிக்கொள்கிறாயா?' என்பதும் 'இப்போது என்ன நிலையில் இருக்கிறாய்?' என்பதும் அங்கேயும் இரண்டு தனிக் கேள்விகள். கதவுகள் இரண்டும் பிரிண்டருக்குள்ளேயே குடியேறிவிட்டன.